கண் மூடிக் கிடந்த கிடாய்

சூடு பட்டதும் மான் என்ன செய்தது? நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். கேட்காமல் விட்டால், தான் எவ்வளவு திறமாகச் சுட்டார் என்பதையே சுட்டவர் சொல்லிக்கொண்டு நிற்பார். வேட்டைக்காரர்கள் பொய் சொல்கிறவர்கள் அல்லர். துவக்கின் விசையை இழுக்கும் கணத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கண் தானாக மூடிக்கொள்கிறது. அந்த இடைவெளியை மனம் தனக்குப் பிடித்த விதமாக நிரப்பிக்கொள்கிறது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் இங்கே ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, பரீட்சை எழுதி, தாளும் கையுமாக வந்திருக்கிறீர்கள். டொச், அதாவது ஜேர்மன் மொழி, உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான்: என் டொச்சை என்னுடைய நாய் வீமனே மதித்ததில்லை. ‘தேடு’, ‘இரு’, ‘போதும் வா’ என்ற மூன்றுக்கு மட்டுமே அது காது கொடுத்தது. நான் விடுமுறையில் போனபோதெல்லாம் என் இடத்துக்கு வந்த ஜேர்மன்காரர்கள் இந்த மூன்று சொல்லையும் பாடமாக்கவேண்டி இருந்தது. ‘தேடு’ என்பதை அவர்கள் ‘டேடூ’ என்று சொல்ல, வீமன் அவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பானாம்.

என்ன வேலை என்று உங்கள் வீட்டாருக்கு விளங்கப்படுத்த நீங்களும் கஷ்டப்பட்டிருப்பீர்கள். ஒரு வேட்டைக்காரர் மானைச் சுடுகிறார். மான் விழாமல் ஓடிவிடுகிறது. அப்படியே விட்டுவிட இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடாது, மனச்சாட்சியும் கொடாது. எங்களுக்கு ஃபோன் வருகிறது. நாங்கள் நாயோடு மான் போன வழியே போய், அதைக் கண்டுபிடித்து, அதன் வேதனையை முடித்துவைக்கிறோம். சில வேளைகளில் முடித்துவைக்காமல் திரும்பி வருகிறோம். இந்த இரண்டாவதுதான் பழகுவதற்குக் கடினம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மான் என்ன செய்யும் என்பது உங்கள் புத்தகங்களிலே இருக்கிறது. நெஞ்சில் சூடு பட்டது மேலே துள்ளும், பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடும், தூரம் போகாது. வயிற்றில் பட்டது முதுகை வளைக்கும், பின்னங்கால்களால் காற்றை உதைக்கும், பிறகு ஏதோ யோசனையில் இருப்பதுபோல மெல்ல நடந்து ஒரு பற்றைப் புதருக்குள் போய்ப் படுக்கும். அதை உடனே துரத்தினால் எழுந்து அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆறுதலாகக் கோப்பி குடித்துவிட்டுப் போனால் படுத்த இடத்திலேயே கிடைக்கும். ஆகவே எது நடந்தது என்று சரியாக அறிவது முக்கியம்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சுட்டவரிடம் வாயால் கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். மானைச் சுட்ட ஒரு பேக்கரிக்காரர் ஃபோனில் ஒரே பிடியாக நின்றார், சூடு நெஞ்சில்தான் பட்டது, உடனே வாருங்கள் என்று. போனதும், மான் செய்ததை அப்படியே செய்து காட்டும்படி கேட்டேன். அவர் வெட்கப்பட்டார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முதுகை வளைத்து, ஒரு காலைப் பின்னால் உதறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வேலிப்பக்கம் நடந்தார். வேலிவரை போய்த் திரும்பியபோது அவருடைய முகம் மாறியிருந்தது. வயிறு என்று அவர் வாயாலேயே சொன்னார். வாய்க்குத் தெரியாதது உடம்புக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பாண் வண்டிக்குள் இருந்து பணிஸ் ரொட்டி சாப்பிட்டபடி காத்திருந்தோம். போதிய நேரம் விட்டுப் போனபோது, மான் அவர் நடந்து காட்டிய திசையில், முதலாவது பற்றைக்குள்ளேயே கிடந்தது.

இனி ஊவேயின் கதைக்கு வருகிறேன்.

ஊவே கூரை போடுகிற தொழில் செய்கிறவர். கால்வாய்க்கரை வயல்களும் அதை ஒட்டிய சிறு காடும் அவர் குத்தகைக்கு எடுத்திருந்த வேட்டை நிலம். பெரிய உடம்பும் சின்னக் குரலும் உடைய நல்ல மனிதர். தன்னுடைய அறுபதாவது பிறந்தநாளன்று காலையில் ஒரு கிடாய் சுடவேண்டும் என்று வருடக்கணக்காக ஆசை வைத்திருந்தார். கிடாய் என்றதும் ஆட்டுக்கிடாயை நினைக்காதீர்கள். இங்கத்தைய சிறு மானின் ஆணைத்தான் சொல்கிறேன். உருவத்தில் எங்கள் ஊர் ஆட்டளவுதான் வரும். டொச்சிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

அவருடைய பிறந்தநாள் அந்த வருடம் எங்கள் முருகன் கோயில் தேரன்று வந்தது. ரூர் பகுதிப் பட்டணம் ஒன்றின் ஓரத்தில், கம்பளக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருக்கிறது கோயில். நான் அன்று விரதம். என் கணவர் சிவம் அன்னதானச் சமையலுக்கு விடியவே போய்விட்டார். நான் முழுகி, திருநீறு பூசி, எந்தச் சேலை உடுப்பது என்று அலுமாரிக்கு முன்னால் நிற்கும்போது ஃபோன் அடித்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்கு வன இலாகாவில் வேலை என்று மட்டும்தான் கோயிலில் தெரியும். மரம் நடுகிறேன் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தப் போகவில்லை. சைவச் சாப்பாட்டுப் பந்தியில் பாயசத்துக்கு வாழையிலையை நீட்டிக்கொண்டு, இரத்தத் தடம் பிடித்துப் போகிற வேலையை எந்த இடத்தில் தொடங்கி விளங்கப்படுத்துவது?

ஃபோனில் ஊவேயின் குரல் செத்தவீட்டில் கதைப்பதுபோல இருந்தது. அவருடைய துக்கம் மான் செத்துவிட்டது என்பதல்ல, சாகவில்லை என்பது.

நடந்தது இதுதான். அவர் பரணில் இருந்து சுட்டதும் கிடாய் மின்னல் விழுந்ததுபோல நின்ற இடத்திலேயே விழுந்தது. நாலு காலும் வானத்தைப் பார்த்து உதைத்தன. பிறகு அடங்கிவிட்டது. ஊவே துவக்கில் இருந்த ரவைகளை எடுத்துவிட்டு, அதைப் பரண் ஏணியில் சாத்திவைத்துவிட்டு இறங்கிப்போனார். இங்கத்தைய வழக்கப்படி ஒரு ஓக் கொப்பை முறித்து, கடைசி வாய்ச் சாப்பாடு என்று மானின் வாயில் வைத்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தார். வயலோரத்தில் கோப்பிக் குடுவையோடு காத்திருந்த மூன்று கூட்டாளிகளைக் கை காட்டிக் கூப்பிட்டார். மூன்று பேரும் வேட்டைக் கொம்பு ஊதுகிறவர்கள். பிறந்தநாளுக்கென்று பச்சைக் கோட்டுப் போட்டு வந்திருந்தார்கள்.

அதன் கண் எப்படி இருந்தது என்று கேட்டேன். மூடியிருந்தது, அவ்வளவு அமைதியாக இருந்தது என்றார். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகளே, இதை மட்டும் மறவாதீர்கள். செத்த மானின் கண் திறந்தே இருக்கும். கண் மூடிக் கிடக்கிற மானுக்கு உயிர் இருக்கிறது. கிட்டப் போனவுடன் ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்க்கவேண்டும். ஊவே கையில் குச்சி வைத்திருந்தார்தான், ஆனால் அதைக் கிடாயின் வாயில் வைத்துவிட்டார்.

மூன்று பேரும் வரிசையாக நின்று, ஒரு கிடாய் இறந்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்கிற இசையைத் தொடங்கினார்கள். இரண்டாவது அடியில் கிடாய் எழுந்தது. வாயில் ஓக் கொப்போடு அவர்களைப் பார்த்தது. அந்தக் கொப்பை அது இரண்டு தரம் சப்பிப் பார்த்தது என்று ஊவே இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். பிறகு கொம்பு ஊதுகிறவர்களில் இருவருக்கு நடுவால் நடந்து, கொஞ்சத் தூரம் போனதும் ஓட்டம் பிடித்தது. ஒருவர் கையிலும் துவக்கு இல்லை. மூன்றாமவர் என்ன செய்வதென்று தெரியாமல் இசையைக் கடைசிவரை ஊதி முடித்திருக்கிறார்.

சேலையை அலுமாரியில் வைத்துவிட்டு, வேலைக்குப் போடுகிற செம்மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு வீமனோடு போனேன். நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது.

விழுந்த இடத்தில் ஊவேயைச் செய்து காட்டச் சொன்னேன். அவர் பிறந்தநாள் கோட்டோடு ஈரப்புல்லில் மல்லாந்து படுத்து கை கால் நாலையும் தூக்கி உதைத்தார். அவ்வளவு வேகமில்லை, இடக்கை இன்னும் மேலே என்று கூட்டாளிகள் திருத்தம் சொன்னார்கள். பிறகு அவர் கண்ணை மூடிக் கிடந்தார். அந்தக் கிடையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ரவை முள்ளந்தண்டின் மேல்நுனியை உரசிக்கொண்டு போயிருக்கிறது. உள்ளுக்குள் மின்சாரம் பாய்ந்தது மாதிரி மான் விழும், நினைவு தப்பும், பிறகு ஒன்றும் நடவாததுபோல எழுந்து போகும். புல்லில் முதுகு மயிர் ஒரு கொத்தும் சில துளி இரத்தமும் கிடந்தன. எலும்புத் துண்டு எதுவும் அகப்படவில்லை.

இப்படி எழுந்து போகிறவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குத் தோல் மட்டும் கிழிந்திருக்கும். அந்தக் காயம் ஆறிவிடும். மற்றதற்கு எலும்பு உடைந்திருக்கும். அது சீழ் பிடித்து நாட்கணக்காகக் கிடந்து சாகும். மானைக் காணாமல் எது என்று சொல்ல ஏலாது. ஊவே மூன்று தரம் என்னிடம் கேட்டார், அது நோவோடு எங்கேயாவது கிடக்குமோ என்று. கிடாயின் கொம்பைப் பற்றி ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அவருக்காக நான் பசியோடு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வீமன் நீளக் கயிற்றை இழுத்துக்கொண்டு போனான். நான் அவன் பின்னால், ஊவே என் பின்னால், இரண்டு கொம்பூதிகள் அவருக்குப் பின்னால். மூன்றாமவர் ஊவேயின் காரைத் தெருவால் கொண்டுவந்தார். சோளக்காட்டுக்குள்ளால், கால்வாய்ப் பாதையால், வீட்டுத்தோட்டக் குடில்களுக்குப் பின்னால் தடம் போனது. அங்கே ரோசாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், ஒரு மான் வந்து நல்ல பூவாகப் பார்த்துத் தின்றுவிட்டுப் போனது, நீங்கள்தான் பொறுப்போ என்று கேட்டார். பொறுப்பு இவர்தான் என்று ஊவேயைக் காட்டிவிட்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு காற்றில் நாதஸ்வரம் கேட்டது.

முதலில் பசியில் காது இரைகிறது என்று நினைத்தேன். வீமன் பெருந்தெருவின் ஓரத்தில் நின்று மூக்கை அந்தப் பக்கம் நீட்டினான். தெருவுக்கு அப்பால் கம்பளக் கடை, அதை ஒட்டிக் கோயிலின் பின்வேலி. தெருவைக் கடந்து பார்த்தபோது வேலியடியில் ஒரு துளி இரத்தம் காய்ந்து கிடந்தது.

அந்தத் தெருவோரத்தில் எடுத்த முடிவுதான் அன்றைய நாளின் பெரிய முடிவு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஊவேயின் துவக்கையும் என்னுடையதையும் ரவை எடுத்துக் காரில் பூட்டச் சொன்னேன். ஊவே திகைத்தார். கிடாய்க்கு முதுகு உடைந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோயில் வளவுக்குள் சுடச் சட்டம் விடாது என்றேன். ஆனால் நான் யோசித்தது சட்டத்தை அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவர்கள். திருவிழா நாளில் வேலிக்கு மேலால் ஒரு வெள்ளைக்காரர் துவக்கோடு எட்டிப் பார்த்தால், மான் என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் யார் யார் காலில் மிதிபடுவார்களோ. கிடாய்க்கு முதுகு உடைந்திருந்தால் அது நோவோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவேண்டிவரும். அது தெரிந்துதான் பூட்டச் சொன்னேன். காரின் பூட்டுச் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.

சிவத்துக்கு ஃபோன் எடுத்தேன்.

“இஞ்சாருங்கோ, எங்க நிக்கிறியள்?”

“கத்தரிக்காய்க் கறிக்குப் பக்கத்தில. நீர் இன்னும் வெளிக்கிடேல்லையே?”

“நான் கோயிலுக்குப் பின்னால நிக்கிறன்.”

“பின்னால என்னத்துக்கு? முன்னால வாருமன்.”

“வீமனோட நிக்கிறன்.”

வீமன் என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. நான் ஏதோ கத்திச் சொல்லிவிட்டதுபோல, மெல்லக் கதையும் என்றார். சமையல் கூடாரத்துக்குப் பின்னால் பழைய மாலைகளைக் கொட்டுகிற குவியலைத் தூர நின்று பார்க்கச் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரகசியம் சொல்கிற குரலில் சொன்னார்.

“ஒரு மான் நிண்டு மாலை சாப்பிடுது.”

“எப்பிடிச் சாப்பிடுது?”

“எப்பிடி எண்டா? ருசிச்சு.”

உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கு அதைவிடப் பெறுமதியான சேதி அன்று வேறில்லை. எலும்பு உடைந்து வேதனையில் இருக்கிற மான் நல்ல பூவாகத் தெரிந்து தின்னாது. ஆனாலும் சிவத்தின் கண்ணை நம்பி முடிவெடுக்க ஏலாது. கத்தரிக்காய் வெந்ததா என்பதிலேயே எங்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. நானே பார்க்கவேண்டும்.

வீமனைக் காரோடு வந்த கொம்பூதியிடம் விட்டேன். ‘இரு’ என்று தமிழில் சொல்லும்படி அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நானும் ஊவேயும் பின் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போனோம். அதற்குள் சிவம் நல்லெண்ணத்தில் ஒரு காரியம் செய்துவிட்டார். கோயில் தலைவர் பரமண்ணையிடம் சொல்லிவிட்டார். பரமண்ணை எதையும் முறைப்படி செய்கிறவர். நேரே மைக்குக்குப் போனார்.

“அடியார்களுக்கு ஓர் அறிவித்தல். கோயிலின்ரை பின்பக்கம் ஒரு மான் வந்து நிக்குது. தயவுசெய்து ஒருத்தரும் அங்க போய்ப் பாக்கவேண்டாம்.”

இரண்டு நிமிடத்தில் முழுக் கோயிலும் பின்பக்கம் வந்துவிட்டது.

கிடாய் தலையை நிமிர்த்தியது. அது நின்ற இடம் நன்றாக இல்லை. ஒரு பக்கம் சமையல் கூடாரம், ஒரு பக்கம் கம்பளக் கடைச் சுவர், முன்னால் சனம். மிச்சம் இருந்தது பின்வேலி மட்டும். அதற்கு அப்பால் பெருந்தெரு, தேருக்கு வருகிற கார்கள், கார்களில் இருந்து இறங்குகிற பிள்ளைகள். அது பயந்து பாய்ந்தால் அந்தப் பக்கம்தான் பாயும். எவ்வளவு தவிலும் நாதஸ்வரமும் முழங்கினாலும் மான் கொஞ்சத்தில் பழகிக்கொள்ளும். ஆனால் மனிதர்கள் அசையாமல் நின்று தன்னையே பார்ப்பதை அதனால் தாங்க ஏலாது. அப்போது ஒரு கோயில் சனம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. போதாததற்கு ஒரு அம்மா, வள்ளியம்மையைப் பெற்ற மானெல்லோ, தேரன்று மகளைப் பாக்க வந்திருக்கு என்று சொல்லிவிட்டார். கும்பிட்டுக்கொண்டு முன்னுக்கு நெருங்கினார்கள். இது கிடாய் என்று விளக்கம் சொல்கிற நேரம் அல்ல அது.

போங்கோ போங்கோ என்று சனத்தை விரட்டலாம். விரட்டினால் சத்தம் வரும், ஓட்டம் வரும், கிடாய் பாயும். கையைத் தூக்கினால்கூடப் பாய்ந்துவிடும் என்று அதன் காதுகளைப் பார்த்தாலே தெரிந்தது. இப்படியான நேரத்தில் ஆட்களை ஓர் இடத்திலிருந்து எழுப்பவேண்டுமானால், அதைவிட நல்ல இடம் ஒன்றைக் காட்டவேண்டும். நான் பரமண்ணையின் பக்கத்தில் போய் நின்று மெல்லச் சொன்னேன்.

“அண்ணை, தேரை இப்பவே இழுங்கோ.”

“நேரம் பாத்தெல்லோ பிள்ளை இழுக்கிறது.”

“நேரம் எப்பவோ துவங்கிட்டுது அண்ணை. நாங்கள்தான் வழமை மாதிரிப் பிந்தி நிக்கிறம்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் செம்மஞ்சள் சட்டையையும், சேற்றுச் சப்பாத்தையும், பக்கத்தில் முதுகெல்லாம் புல்லோடு நின்ற ஊவேயையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஐயரிடம் போனார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மணி அடித்தது. அரோகரா என்று முன்னாலிருந்து ஒரு குரல் எழும்பியது. வடம் பிடிக்க இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் சனம் திரும்பியது. கும்பிட்ட அம்மாதான் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்தில் நானும் ஊவேயும் கிடாயும் மட்டும் நின்றோம்.

கூடாரத் துணிக்குப் பின்னால் குந்தியிருந்து தொலைநோக்கியால் பார்த்தேன். முதுகில் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கோடு. இரத்தம் காய்ந்திருந்தது. தலையைக் குனியும்போதும் நிமிரும்போதும் முதுகு இலகுவாக வளைந்தது. நாலு காலிலும் சரியாகப் பாரம் போட்டது. இலையான் ஈ ஒன்று முதுகில் வந்து இருந்தபோது தோலைச் சிலிர்த்து விரட்டியது. அந்தச் சிலிர்ப்பு கோட்டுக்கு முன்னாலும் ஓடியது, பின்னாலும் ஓடியது; நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அது நிழலில் போய்ப் படுத்து அசைபோடத் தொடங்கியது. வெகுநேரம் பார்த்தேன்.  

விட்டுவிடுவோம் என்றேன்.

ஊவே என் பக்கம் திரும்பவில்லை. கிடாயைப் பார்த்தபடியே கேட்டார், நிச்சயமா என்று. எங்கள் வேலையில் இதைவிடக் கடினமான கேள்வி இல்லை. சுட்டு முடித்துவிட்டால் சரி பிழை அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். விட்டுவிட்டு வந்தால் தெரியாது. நான் பிழையாகப் பார்த்திருந்தால் அது எங்கேயோ ஒரு பற்றைக்குள் கிடந்து சாகும், ஒருவருக்கும் தெரியவராது.  கண்டதை மட்டும் சொன்னேன்: தின்கிறது, அசைபோடுகிறது, முதுகை வளைக்கிறது. நாளைக்கும் நாளை மறுநாளும் நாயோடு வந்து தடம் பார்க்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, ஒரு மரக்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் நானும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சிவம் அவருக்கு ஒரு தட்டில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுவந்தார். ஊவே தட்டை வழித்துச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் வாங்கினார். தான்தான் சுட்டவர் என்று இவர்களுக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். தெரியாது, சாப்பிடுங்கள் என்றேன்.

இதற்குள் முன்பக்கத்தில் வேறொரு காரியம் நடந்துவிட்டது. பச்சைக் கோட்டும் பித்தளைக் கொம்புமாக இரண்டு ஜேர்மன்காரர்கள் எங்களைத் தேடிக்கொண்டு முன் வாசலால் வந்திருக்கிறார்கள். நகரசபை அனுப்பிய வாத்தியக்காரர்கள் என்று பரமண்ணை நினைத்துவிட்டார். மாலை போட்டு, தேருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அவர்களில் ஒருவர் திகைத்துப்போய் ஊவேக்கு ஃபோன் எடுத்து, என்ன ஊதுவது என்று கேட்டார். எதை வேண்டுமானாலும் ஊதுங்கள், காலையில் ஊதியதை மட்டும் ஊதவேண்டாம் என்றார் ஊவே. அவர்கள் வேட்டை முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று அறிவிக்கிற இசையை ஊதினார்கள். தவில்காரர் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அதற்கு அடி பிடித்துவிட்டார். சனம் உருகிப்போனது. ஊதியவர்களை விட்டால், அந்தக் கோயிலில் அது வேட்டை இசை என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அந்த இரண்டில் ஒருத்தியான நான் கை கூப்பியபடி சேற்றுச் சப்பாத்தோடு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

தேர் இருப்பிடத்துக்குத் திரும்பி வந்த பிறகு பரமண்ணை என்னைத் தேடி வந்தார்.

“நீங்கள் மரம் நடுற வேலை எண்டெல்லோ நாங்கள் நினைச்சம்.”

“மரமும் நட்டனான் அண்ணை.”

அவர் என் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். மானைத் தேடிப் பிடிக்கிற வேலை முருகனுடையதுதானே என்று கடைசியில் சொல்லிவிட்டு, இனிமேல் சப்பாத்தை வாசலில் கழற்றச் சொன்னார். அதன் பிறகு கோயிலில் என் மதிப்புக் கூடியதா குறைந்ததா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் தெருவில் காரால் மானை அடித்த எங்கள் ஆட்கள் எல்லாரும் காவல்துறைக்கு எடுக்கமுன் எனக்குத்தான் ஃபோன் எடுத்தார்கள்.

பின்னேரம் சனம் குறைந்ததும் கிடாய் எழுந்து, வேலியைத் தாண்டி, தெருவில் ஒரு காரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கால்வாய்ப் பக்கம் போய்விட்டது. அடுத்த நாள் வீமனோடு போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். படுத்திருந்த இடங்களில் புல் நசுங்கியிருந்தது, இரத்தம் இல்லை, சீழ் இல்லை. மூன்றாவது நாள் வீமன் என்னைப் பார்த்த பார்வையில், இனிப் போதும் என்று இருந்தது. ஆனாலும் அந்த மாதம் முழுக்கக் கால்வாய்க்கரையில் காகம் கூட்டமாக இறங்கினால் காரை நிறுத்தி இறங்கிப் பார்ப்பேன். விட்டுவிட்டு வந்தால் அப்படித்தான். நீங்களும் இறங்கிப் பார்ப்பீர்கள். பார்க்காதவர் இந்த வேலைக்குச் சரிவரமாட்டார்.

அடுத்த கோடையில் ஒரு நாள் ஊவே ஃபோன் எடுத்தார். நான் செம்மஞ்சள் சட்டையைத் தேடத் தொடங்கினேன். வரவேண்டாம் என்றார். காலையில் பரணில் இருந்தபோது கிடாய் வயலுக்கு வந்ததாம். முதுகில் விரல் நீளத்துக்கு மயிர் வெள்ளையாக முளைத்திருந்ததாம். கொம்பு போன வருடத்தைவிடப் பெரிதாம். சுடக்கூடிய தூரம், பரணில் ஒரு சத்தம் வந்தாலே ஓடிவிடும் அவ்வளவு கிட்ட, காற்றும் சரி, பக்கவாட்டாக அசையாமல் நின்று மேய்ந்ததாம். ஆறுதலாக, வெகுநேரம் குறி பார்த்தேன் என்றார்.

பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

இருமினேன் என்றார்.